திருவருகைக் காலம்: காத்திருப்புக் காலம் அன்று

நவம்பர் முடியும்போதே, கிறிஸ்துமஸுக்கு முந்திய வழிபாட்டுக் காலமான அட்வெந்து பற்றி, ‘அட்வெந்து என்றால் காத்திருப்புக் காலம்’ என்ற விளக்கம் மறையுரைகளிலும் வாழ்த்து மடல்களிலும் வந்துவிடுகிறது. இப்போது மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்களுக்கும் இதையே பொருளாகச் சொல்லித் தருகிறார்கள். இனியும் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை.

‘அத்வெந்துஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்கு வருகை என்று பொருள். நவம்பர் 30-க்கு மிக நெருங்கிய ஞாயிறு தொடங்கி நான்கு ஞாயிறுகள் அடங்கிய காலம் இது. கத்தோலிக்கர் வழங்கும் ‘திருவருகைக் காலம்’ இதற்கு நேரான தமிழ்.

பெயர் வைத்தவர்கள் வருகிறவரை எழுவாயாக்கினார்கள். காத்திருப்பு என்றதும் நாம் எழுவாயாகிவிடுகிறோம், வருகிறவர் காணாமல் போகிறார். அந்தப் பெயர்ச்சொல்லின் இன்றைய வழக்கையும் பாருங்கள்: காத்திருப்போர் பட்டியல், காத்திருப்பு அறை. டிக்கெட் உறுதியாகும் வரை செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் நிலை அது. ‘காத்திரு’ என்ற வினையோ அப்படிச் சோம்பியது அன்று. ‘கா’ என்றால் பேணு, காவல் செய். மாற்கு நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில், தலைவர் மாலையிலோ நள்ளிரவிலோ சேவல் கூவும்போதோ வரக்கூடும் என்பதால் விழித்திருக்கும்படி கட்டளை பெற்ற வாயில் காவலர் ஒருவர் வருகிறார். காத்து இருப்பது அதுதான். நல்ல வினையைத் தேய்ந்த பெயராக்கி, அதையும் தவறான இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

பொறுமைக்கும் இதே கதிதான். புதிய ஏற்பாட்டில் யாக்கோபு திருமுகம் 5:7-இல் உள்ள கிரேக்கச் சொல்லில் ‘மக்ரோஸ்’, அதாவது நெடியது, என்ற பகுதி உண்டு. பழைய மொழிபெயர்ப்பு ‘நீடிய பொறுமை’ என்று அதைக் கைவிடாமல் பிடித்தது. முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் காத்திருக்கும் உழவரை அந்த வசனம் காட்டுகிறது. பாலஸ்தீன நாட்டில் முன்மாரி விதைப்புக் காலத்து மழை, பின்மாரி கதிர் முற்றுவதற்கு முந்திய மழை. இரண்டுக்கும் நடுவே மாதங்கள் கிடக்கின்றன. ‘நீடிய’ என்பதை வெட்டினால் அந்த மாதங்கள் போய்விடும். எஞ்சுவது சகித்துக்கொள்வது மட்டுமே.

‘கிறிஸ்துமஸ் ஆயத்தக் காலம்’ என்பது இன்னும் பாதகம். கத்தோலிக்க வழிபாட்டில் டிசம்பர் 16 வரை அழுத்தம் இறுதிக்கால வருகையின் மேல்தான், அதாவது கிறிஸ்து மீண்டும் வருவதன் மேல். 17 முதல் 24 வரையிலான நாள்களே பிறப்பை நேராக நோக்குகின்றன. ஆயத்தம் வேண்டும்தான், திருமுழுக்கு யோவானும் வழியை ஆயத்தமாக்கத்தான் சொன்னார். ஆனால் விழாவுக்காக அன்று, வருகிற ஆண்டவருக்காக. மூலச்சொல்லைப் பார்க்காமல், அதைப் பற்றி யாரோ எழுதிய விளக்கத்தைப் பெயர்த்தால் இப்படித்தான் ஆகும்.

‘ஆகமன காலம்’ என்ற இன்னொரு பெயர் பொருளில் சரி, ஆகமனம் என்றாலும் வருகைதான். ஆனால் விவிலிய நூல்களை ஆதியாகமம், யாத்திராகமம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது ஏதோ நூலின் பெயராகவே படும். ‘திரு’வை விட்டு ‘வருகைக் காலம்’ என்று சுருக்குவதும் வேண்டாம். வருகைப் பதிவேட்டில் இருக்கும் வருகை வேறு.