துப்பாக்கிச் சத்தத்தின் முகவரி

சிகாகோ நகரத்தின் தெற்கு, மேற்குப் பகுதிகளில் பல வருடங்களாகத் தெருவிளக்குக் கம்பங்களிலும் மொட்டை மாடிகளிலும் மைக்குகள் இருந்தன. துப்பாக்கி வெடித்தால் யாரும் 911 என்ற அவசர எண்ணுக்கு அழைக்க வேண்டியதில்லை. சுமார் ஒரு நிமிடத்துக்குள் ரோந்துப் போலீஸாரின் கைபேசி வரைபடத்தில் ஒரு புள்ளி விழும். இந்த ஏற்பாட்டின் பெயர் ஷாட்ஸ்பாட்டர். நடத்துவது ஒரு கலிபோர்னியா நிறுவனம். 2023ல் அது தன் பெயரை சவுண்ட்திங்கிங் என்று மாற்றிக்கொண்டது.

அந்தப் புள்ளி எப்படி விழுகிறது? மின்னல் வெட்டியதும் எண்ண ஆரம்பித்து, இடி கேட்டதும் நிறுத்தினால் இடி எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று சொல்லிவிடலாம். துப்பாக்கி விஷயத்தில் அந்த வசதி கிடையாது. எப்போது சுட்டார்கள் என்பது எந்த மைக்குக்கும் தெரியாது, சத்தம் தன்னிடம் எப்போது வந்தது என்பது மட்டுமே தெரியும். ஆனால் அதுவே போதும் என்பதுதான் இதிலுள்ள அழகு.

20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். முதல் மைக் கேட்டு அரை நொடி கழித்து இரண்டாவது மைக் கேட்டால், சுட்ட இடம் இரண்டாவதைவிட முதல் மைக்குக்குச் சுமார் 170 மீட்டர் அருகில். இந்த நிபந்தனைக்குப் பொருந்தும் இடங்களையெல்லாம் வரைபடத்தில் குறித்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். பள்ளிக் கணக்கில் படித்த அதிபரவளையம்தான் அது. மூன்றாவது மைக் இன்னொரு வளைகோட்டைத் தரும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் துப்பாக்கி வெடித்திருக்க வேண்டும். எல்லா மைக்குகளின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும் என்பதால் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிடமிருந்து நேரத்தை வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு மில்லிநொடி பிசகினால் ஒலியின் கணக்கில் 34 சென்டிமீட்டர் பிசகும். அது பெரிய விஷயமில்லை.

தொல்லை தருவது காற்றும் கட்டடங்களும். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். சிகாகோவின் உறைபனிக் காலத்துக்கும் கோடைக்கும் இடையே இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் விட முடியாது. சில மைக்குகளுக்கு நேர்ச் சத்தம் போய்ச் சேராது, சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலிதான் போகும். அதனால்தான் மூன்று மைக்குகளோடு நிறுத்தாமல் சதுர மைலுக்கு 20 அளவில் வைக்கிறார்கள்.

இந்த வடிவக் கணக்கு நூறு வருடத்துக்கும் பழையது. முதல் உலகப் போரில், 1915ல், ஒளிந்திருக்கும் ஜெர்மன் பீரங்கிகளைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் வேலையை பிரிட்டிஷ் ராணுவம் இயற்பியலாளர் லாரன்ஸ் பிராகிடம் கொடுத்தது. அதே வருடம்தான் தந்தையோடு சேர்ந்து அவர் நோபல் பரிசும் பெற்றார். ஒலியை மிஞ்சிப் பறக்கும் குண்டு தலைக்கு மேலே 'சுளீர்' என்று ஓர் அதிர்வலையைக் கிளப்பும்; பீரங்கி வாயிலிருந்து வரும் சத்தமோ தாழ்ந்த, மந்தமான அழுத்தம். பிராகுக்கு வேண்டியது இரண்டாவது, அன்றைய மைக்குகள் நன்றாகப் பிடித்ததோ முதலாவது. வில்லியம் டக்கர் என்பவர் ஒரு சிறு துளையின் குறுக்கே சூடாக்கிய மெல்லிய பிளாட்டினக் கம்பியைக் கட்டினார். தாழ்ந்த ஒலி துளை வழியே காற்றைத் தள்ளும்போது கம்பி குளிரும், அதன் மின்தடை மாறும். சுளீர்ச் சத்தத்துக்கு அது அவ்வளவாக அசையாது. பீரங்கிகளின் இடம் துல்லியமாகத் தெரிய ஆரம்பித்தது.

ஆக, 'எங்கே' என்ற கேள்விக்கு நல்ல விடை இருக்கிறது. 'என்ன' என்ற கேள்விதான் சிக்கல். போர்முனையில் பிராகுக்கு அது பீரங்கியா பட்டாசா என்ற சந்தேகம் வந்திருக்காது. சிகாகோவில் அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 இரவு அந்தச் சந்தேகம் ஆயிரம் முறை வரும். மென்பொருள் முதலில் சத்தங்களை வடிகட்டும். அப்புறம் கண்காணிப்பு மையத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் சில நொடி ஒலிப்பதிவைக் கேட்டு, அலைவடிவத்தைப் பார்த்து, துப்பாக்கியா இல்லையா என்று முடிவெடுப்பார். இது வடிவக் கணக்கு இல்லை, ஒரு மனிதரின் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு எவ்வளவு சரி? 97 சதவீதம் என்கிறது நிறுவனம். ஆனால் தவறு என்று போலீஸ் திருப்பிச் சொன்னவற்றை வைத்துப் போட்ட கணக்கு அது. சொல்லாமல் விட்டதெல்லாம் சரியாகிவிடும். மறுபக்கம், நகர நிர்வாகத்தைக் கண்காணிக்கும் சிகாகோவின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2021ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை வந்த 50,176 எச்சரிக்கைகளில் துப்பாக்கிக் குற்றத்துக்கான ஆதாரம் கிடைத்தது 9.1 சதவீதத்தில்தான். மீதி எல்லாம் பொய் எச்சரிக்கை என்று இதை வைத்துச் சொல்வதும் சரியில்லை. ஆதாரமாகத் தேடும் தோட்டா உறையை ரிவால்வர் வெளியே தள்ளாது. காருக்குள்ளிருந்து சுட்டால் உறை காரோடு போய்விடும். இரண்டு எண்ணுமே கருவியின் துல்லியத்தை அளக்கவில்லை, ஆனால் பல வருடம் இரு தரப்பும் இவற்றைக் காட்டித்தான் சண்டை போட்டார்கள்.

ஆதரிப்பவர்களின் வாதத்தையும் ஒதுக்க முடியாது. வாஷிங்டன், ஓக்லாண்ட் நகரங்களில் இந்த மைக்குகள் பிடித்த துப்பாக்கிச் சூடுகளில் சுமார் 12 சதவீதத்துக்குத்தான் 911 அழைப்பு வந்தது என்று 2016ல் ஓர் ஆய்வு சொன்னது. அழைக்க யாருமில்லாத தெருவில் குண்டடிபட்டுக் கிடப்பவருக்கு அந்தப் புள்ளி உயிர் கொடுக்கலாம்.

ஆனால் அதே புள்ளி, ஆயுதம் தாங்கியவர்களைத் தயார் மனநிலையோடு ஒரு தெருவுக்கு அனுப்பவும் செய்கிறது. 2021 மார்ச் 29 அதிகாலை லிட்டில் வில்லேஜ் பகுதியில் எச்சரிக்கை சரியாகவே இருந்தது, அங்கே உண்மையிலேயே துப்பாக்கி சுடப்பட்டிருந்தது. வந்த போலீஸ்காரர் துரத்திப் போய் 13 வயதுச் சிறுவனைச் சுட்டுக் கொன்றார். நகரத்தின் 22 காவல் மாவட்டங்களில் 12ல் மட்டும் மைக்குகள் இருந்தன, அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினரும். அடிக்கடி எச்சரிக்கை வரும் பகுதி என்ற எண்ணமே சில அதிகாரிகள் ஆட்களை நிறுத்திச் சோதிப்பதற்குக் காரணமானது என்றும் தலைமை ஆய்வாளரின் அறிக்கை சொன்னது. ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை என்று மேயர் பிராண்டன் ஜான்சன் 2024 பிப்ரவரியில் அறிவித்தார். செப்டம்பர் 22 அன்று மைக்குகள் அணைக்கப்பட்டன.

இதைப் பொருத்த நினைக்கும் எந்த நகரமும் முதலில் ஒரு நேர்மையான சோதனையைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. வெவ்வேறு பருவங்களில், வெவ்வேறு தெருக்களில், பாதுகாப்பான ஏற்பாட்டோடு சில முறை துப்பாக்கியால் சுட வேண்டும், சில முறை பட்டாசு கொளுத்த வேண்டும். எது எப்போது என்பது கண்காணிப்பு மையத்துக்குத் தெரியக் கூடாது. சோதனையை நடத்துவது நிறுவனமாகவும் இருக்கக் கூடாது, காவல் துறையாகவும் இருக்கக் கூடாது. வரும் முடிவை இரண்டு எண்களாகத் தனித்தனியே வெளியிட வேண்டும்: இடத்தைச் சரியாகச் சொன்னது எத்தனை முறை, சத்தத்தைச் சரியாக இனங்கண்டது எத்தனை முறை.