காட்டு வேலையே எக்சர்சைஸ்தானே, மேடம்?

ராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் ஓர் அம்மா (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). ஆறு மாதமாகத் தூக்கமில்லை, உடம்பெல்லாம் வலி, எதிலும் பிடிப்பில்லை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் பார்த்து, மந்திரித்துக் கயிறும் கட்டிய பிறகுதான் என்னிடம் வந்தார். மனச்சோர்வு. மாத்திரை எழுதிவிட்டு, "தினமும் கொஞ்ச நேரம் நடங்கம்மா" என்றேன்.

அவர் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்தார். தக்காளிச் செடியின் பச்சைக் கறை விரலிடுக்கில் கறுத்துப் படிந்திருந்தது. "விடிஞ்சதுலேருந்து குனிஞ்ச இடுப்பு நிமிர்றதில்ல. கூடை தூக்கறேன், தண்ணி சுமக்கறேன். இதுக்கு மேல என்னங்க மேடம் நடக்கறது?"

நியாயமான கேள்வி. மாங்காய் மண்டியில் சுமை தூக்குபவரும், குவாரியில் கல் உடைப்பவரும் இதையேதான் கேட்கிறார்கள். அன்றைக்கு எனக்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை.

நார்வேயில் சுமார் 40,000 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. ஓய்வு நேரத்தில் தானாக விரும்பி நடப்பவர்கள், விளையாடுபவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. வேலையில் படும் உடலுழைப்புக்கு அப்படி ஒரு தொடர்பே தெரியவில்லை. காரணம் தேடியபோது, நாடித்துடிப்பு போன்ற உடல் மாற்றங்களைவிட, நாலு பேரோடு பழகுவதும் அவர்கள் தரும் ஆதரவும்தான் பெரிதாகத் தெரிந்தன. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. கூலிக்குக் குனியும்போது மேஸ்திரி சொல்லும் வேகத்தில் குனிகிறோம். மனம் வட்டிக் கணக்கிலேயே நிற்கிறது. தனக்கென்று எடுத்துக்கொண்ட அரை மணி நேரம் வேறு.

அதே நாட்டில், மனச்சோர்வோ பதற்றமோ இல்லாத கிட்டத்தட்ட 34,000 பேரை 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். எல்லோரும் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது உடற்பயிற்சி செய்திருந்தால், பின்னால் வந்த மனச்சோர்வில் 12 சதவீதத்தைத் தவிர்த்திருக்கலாம் என்பது கணக்கு. தினமும் அல்ல, வாரத்துக்குத்தான். மூச்சு வாங்க ஓட வேண்டும் என்பதும் இல்லை.

பதற்றத்துக்கு அந்தப் பாதுகாப்பு அதே ஆய்வில் கிடைக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஏற்கெனவே படபடப்பால் தவிப்பவர்களுக்கு உடற்பயிற்சி வேறு விதத்தில் கைகொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஓசூர் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் பார்க்கும் இளைஞர், மாரடைப்பு என்று பயந்து மூன்று முறை ஈசிஜி எடுத்தவர். இதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதியான பிறகு, கிருஷ்ணகிரி மலைக்கோட்டைப் படிகளில் நண்பரோடு ஏறச் சொன்னேன். முதல் நாள் பத்துப் படியிலேயே நெஞ்சு அடித்துக்கொள்ள, இறங்கிவிட்டார். நாலாவது வாரம், "அதே துடிப்புதான் மேடம், ஆனா உக்காந்தா அடங்கிடுது" என்றார். துடிப்பு வேறு, ஆபத்து வேறு என்று அவர் உடம்பே அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "எழுந்து நடந்தா எல்லாம் சரியாயிடும்" என்று திட்டாதீர்கள். மனச்சோர்வில் இருப்பவருக்குக் கட்டிலிலிருந்து வாசல்வரை வருவதே மலை ஏறுவது போல. செருப்பை எடுத்து வைத்து, "வா, டீக்கடை வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று கூடவே போங்கள். நடக்க ஆரம்பித்தாயிற்று என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் நடைப்பயிற்சிக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் சேவை இது, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம்.

அந்த அம்மாவிடம் அடுத்த முறை நடக்கச் சொல்லவில்லை. "வேலை இல்லாத நேரத்துல யாரோட இருந்தா உங்களுக்குப் பிடிக்கும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, பக்கத்துத் தெருவில் இருக்கும் நாத்தனார் பெயரைச் சொன்னார். இப்போது ஞாயிறு சாயங்காலம் இரண்டு பேரும் ஏரிக்கரையில் கோயில் வரைக்கும் போய்வருகிறார்கள். கூடையில்லாமல், வெறுங்கையோடு. தூக்கம் கொஞ்சம் பரவாயில்லை என்கிறார். மாத்திரை அளவை அடுத்த மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன்.