வெளுத்ததெல்லாம் மாவுப்பூச்சி அல்ல

சென்ற ஆடியில் பல்லடம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். வாசல் செம்பருத்தி. படத்தில் பூ சிவப்புக் கறையாகக் கலங்கிக் கிடந்தது. மொட்டுக்காம்பில் பஞ்சு ஒட்டியதுபோல ஏதோ வெள்ளை. "மாவுப்பூச்சிங்க சார், என்ன மருந்துங்க அடிப்பது?" என்று கேட்டிருந்தார். பயிர்ப் பாதுகாப்பு ஆலோசனைதான் எனக்குச் சோறு போடும் தொழில். அன்று ஓயாத அழைப்புகள். படத்தைச் சரியாகப் பார்க்காமலேயே ஒரு பூச்சிக்கொல்லியின் பெயரைச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் "எல்லாம் செத்துவிட்டதுங்க" என்று இன்னொரு படம் வந்தது. பாழாய்ப்போன அந்தப் படம் மட்டும் தெளிவாக இருந்தது. இலைமேல் கிடந்தவற்றில் பல, ஒரு சென்டிமீட்டர் நீளம். உடம்பெங்கும் மெழுகு இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவை கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழுக்கள். மாவுப்பூச்சியைத் தின்று வளர்பவை. வேலி காக்க வந்தவனையே அடித்துப் போட்டிருந்தோம். பழி என்மேல்தான்.

இரண்டும் வெள்ளைதான், ஆனால் கிட்டத்தில் பார்த்தால் குழப்பம் வராது. பப்பாளி மாவுப்பூச்சி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். சாறு உறிஞ்சியபடி கும்பலாக ஒரே இடத்தில் கிடக்கும். பொறிவண்டுப் புழு பெரிது, இழைகள் நீளம், குச்சியால் தொட்டால் நகர்ந்து ஓடும்.

பப்பாளி மாவுப்பூச்சியைக் கொங்கு விவசாயிகளுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. 2008இல் இந்தியாவில் முதன்முதலாகத் தென்பட்டது கோவையில்தான். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று புகுந்து விளையாடியது. மெழுகுப் போர்வைக்குள் மருந்து இறங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த அசிரோஃபாகஸ் என்ற பொடிக் குளவிதான் அதை அடக்கியது. குளவி உள்ளே முட்டையிட்ட மாவுப்பூச்சி உப்பிப் பழுப்பாகி, குளவி வெளியேறிய ஓட்டையோடு வெறும் கூடாக நிற்கும். அந்தக் கூடுகள் படத்தில் தெரிந்தால் தெளிப்பானைக் கீழே வைத்துவிடுங்கள்.

அதற்கு, படம் படமாக இருக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஆடிக் காற்றில் பூ ஒரு நொடி நிற்காது. காற்று எழும் முன் விடிகாலையில் எடுங்கள். இடது கையால் காம்பைப் பிடித்துக்கொண்டு, அதே கைமேல் போனைச் சாய்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான போன்கள் பூவை முட்டும் அளவுக்குக் கொண்டுபோனால் மங்கிவிடும். ஒரு சாண் தள்ளி நின்று, இரண்டு மடங்கு பெரிதாக்கி, பூச்சியின்மேல் திரையைத் தொட்டு எடுப்பதே மேல். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் இருந்தால் அளவு புரியும். இலையின் அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள், அங்கேதான் பாதிக் கதை இருக்கிறது. அனுப்பும்போது ஆவணமாக அனுப்பினால் தெளிவு குறையாது.

பூவில் ஒளியும் இன்னொரு பொடிப் பூச்சியான இலைப்பேனைக் கண்டுபிடிக்கப் படம் கூட வேண்டாம். வெள்ளைத் தாளின்மேல் பூவைத் தட்டுங்கள். ஊசிமுனை போன்ற கீற்றுகள் ஊர்ந்தால் அதுதான்.

பூச்சியைத் தேடப் போய்ப் பூவையும் பார்த்துவிடுவீர்கள். செம்பருத்தியின் நடுத்தண்டு ஒற்றைக் குழல்போலத் தோன்றும். உண்மையில் அது மகரந்தத்தாள்கள் ஒட்டிப் பிறந்த குழல். அதற்குள் நுழைந்துதான் சூல்தண்டு மேலே வருகிறது. நுனியில் ஐந்து சூல்முடிகள், வெல்வெட் குண்டூசித் தலைகள்போல. பத்து மடங்கு கைலென்ஸில் பார்த்தால் மகரந்தம் தூளாக இல்லை, தனித்தனி மஞ்சள் உருண்டைகளாக உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் ஒரே நாள் பூ; மாலையில் சுருண்டுவிடும். இந்தப் பூவை நானே நாற்பது வயதுக்கு மேல்தான் ஒழுங்காகப் பார்த்தேன்.

போன வாரம் அந்த அம்மா மறுபடியும் படம் அனுப்பினார். ஓரத்தில் நாணயம், நடுவில் வெள்ளை. கூடவே ஐந்து நொடி வீடியோ: ஈர்க்குச்சி தொட்டதும் அது விறுவிறுவென்று காம்பில் ஏறுகிறது. "ஓடுகிறதுங்க சார், விட்டுவிடட்டுங்களா?" என்று எழுதியிருந்தார். விட்டுவிடுங்கள் என்று பதில் போட்டேன்.