சரவாங்கி உள்ள பெண் பிள்ளை பெற நினைத்தால்: மாத்திரையை எப்போது மாற்றுவது?

கல்யாணம் நிச்சயமானதும், சரவாங்கி என்று நம் பக்கம் சொல்லும் முடக்குவாதத்துக்கான மாத்திரைகள் பல வீடுகளில் மொத்தமாக நின்றுபோகின்றன. "பிள்ளைக்கு ஆகாதும்மா, எல்லாத்தையும் நிறுத்திரு" என்று பெரியவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் விட்டால் நோய் கிளம்பிவிடும். மூட்டுகள் வீங்கிக் கிடக்கையில் கரு தரிப்பது தள்ளிப்போகும். குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் வர வாய்ப்பு கூடும்.

கட்டாயம் நிறுத்த வேண்டியது மெத்தோட்ரெக்சேட், வாரம் ஒருநாள் போடும் அந்த மாத்திரை. கரு கலையலாம், குழந்தைக்கு மண்டையோடு, கைகால் குறைகள் வரலாம். ஒன்று முதல் மூன்று மாதம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மூன்று மாதமே நல்லது. அதுவரை கருத்தடை வேண்டும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, அதோடு ஜோடியாகக் கொடுத்த ஃபோலிக் அமிலத்தையும் சேர்த்து விட்டுவிடுவது. அதை விடவே கூடாது. தினம் 5 மி.கி. வீதம், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் முடியும்வரை தொடர வேண்டும். மெத்தோட்ரெக்சேட் போடும்போதே நாள் தள்ளிவிட்டால் அதை மட்டும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பயந்துபோய்த் தாமாகக் கருவைக் கலைக்க வேண்டாம்.

இதே நோய்க்குத் தரும் லெஃப்ளுனோமைடு மாத்திரை இன்னும் பிடிவாதமானது. விட்டபின்னும் இரண்டு வருஷம் வரை உடம்பில் தங்கலாம். கொலெஸ்டிரமின் தூளை 8 கிராம் வீதம் தினம் மூன்று வேளை, 11 நாள் குடித்து வெளியேற்ற வேண்டும். பிறகு இரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்கு 0.02 மி.கி.க்குக் கீழே வந்துவிட்டதா என்று 14 நாள் இடைவெளியில் இருமுறை பார்க்க வேண்டும். டோஃபாசிட்டினிப் என்ற இன்னொரு சரவாங்கி மாத்திரையும் நிறுத்த வேண்டியதே.

இவற்றுக்குப் பதிலாக ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபசலசின் தரலாம். இரண்டும் கர்ப்பத்திலும் தொடரக்கூடியவை; சல்ஃபசலசின் தினம் 2 கிராமைத் தாண்டக் கூடாது. இவை பிடிக்கவே இரண்டு மூன்று மாதம் ஆகும். புது மருந்தில் வீக்கம் அடங்கியதைப் பார்த்த பிறகே முயற்சி செய்யுங்கள்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை கருமுட்டை வெளிவருவதையே தடுக்கலாம். 20 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரைக் குறைக்கும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். பெயரில்லாத பொட்டலத் தூளைத் தொடாதீர்கள். அளவு தெரியாத ஸ்டீராய்டு அதில் கலந்திருக்கலாம்.

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். புகையிலையின் நிகோடின் விரல் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். மணிக்கணக்காகத் தட்டை மடியில் வைத்து இலை மடிப்பது, வீங்கிய விரல் மூட்டுக்கும் தண்டனை. கரு தரிக்க நினைக்கும்போதே அந்த வேலையை விட முடிந்தால் நல்லது.

குழந்தையின் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடிய ரோ, லா என்ற எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) இரத்தத்தில் உள்ளனவா என்றும் முன்பே பரிசோதித்துவிடுங்கள். இருந்தால், குழந்தையின் இதயத் துடிப்பை 16 வாரம் தொட்டு ஸ்கேனில் கவனிப்பார்கள்.

கர்ப்பத்தில் பாதிப்பேருக்கு வலி தணியும். ஆனால் பிரசவமான முதல் சில மாதங்களில் பலருக்கு அது திரும்ப வரும். தாய்வீட்டில் இருக்கும் அந்த நேரத்தில்தான் மருந்து விட்டுப்போகிறது. வளைகாப்பு முடிந்து கிளம்பும்போதே மருந்துச் சீட்டையும் எடுத்து வையுங்கள். மேலே சொன்ன இரு மாற்று மருந்துகளோடும் பால் கொடுக்கலாம், மெத்தோட்ரெக்சேட்டோடு கூடாது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில், சரவாங்கிக்குப் போடும் அடாலிமுமாப் ஊசி போட்டிருந்தால் பிரசவ வார்டிலேயே சொல்லிவிடுங்கள்: பிறந்ததும் போடும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியைக் குழந்தைக்கு ஆறு மாதம் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.