அந்தக் கட்டத்தில் யாருடைய போன் நம்பர்?

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் கறுத்து உரிந்திருக்கும். அப்படிப்பட்ட விரல்களால்தான் அந்த அக்கா எங்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். வயது 42. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான முகாம் அது. அந்தப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க மாதிரி கொடுத்த கையோடு, "கூலி போயிடும் டாக்டரம்மா" என்று கிளம்பிவிட்டார்.

ரிசல்ட் பாசிட்டிவ். படிவத்தில் இருந்த நம்பருக்கு எங்கள் ஆள் போன் போட்டார். எடுத்தது கணவர். "உங்க வீட்டம்மாவுக்கு வைரஸ் இருக்கு, உடலுறவுல பரவுறது, கூட்டிட்டு வாங்க." சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் அன்றிரவே அக்கா தாய் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

அந்தப் படிவத்தைத் தயாரித்தவள் நான். 'தொடர்பு எண்' என்று ஒரு கட்டம் போட்டேன். அது யாருடைய எண் என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்தப் போனில் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். தாம்பத்திய வாழ்க்கையில் இருக்கும் ஆண், பெண் பெரும்பாலோருக்கு எப்போதாவது இந்த வைரஸ் தொற்றும். பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் உடம்பே அதைத் துரத்திவிடும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. ஆகவே ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாருடைய நடத்தையையும் விசாரிக்க முடியாது. சிலருக்கு மட்டும் அது போகாமல் தங்கிவிடுகிறது. இந்த வைரஸில் 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் சுமார் 70 சதவீதக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். தங்கினாலும் புற்றாக மாறப் பொதுவாக 10, 15 வருடம் ஆகும். பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று பொருள் இல்லை. கர்ப்பப்பை வாயை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

பார்ப்பதும் பெரிய வித்தையில்லை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, வினிகர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், தடவி ஒரு நிமிடம் பொறுத்தால் மாறிய செல்கள் வெள்ளைத் திட்டாகத் தெரியும். தகுந்த திட்டாக இருந்தால் சூடான கருவியை ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வைத்து அங்கேயே அழித்துவிடலாம்.

இதையெல்லாம் உலகத்துக்கு நிரூபித்ததில் நம் கிராமத்துப் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. புற்றுநோய் ஆய்வாளர் ஆர். சங்கரநாராயணன் குழு திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற செவிலியர்களை வைத்து இந்த அமிலப் பரிசோதனையைச் செய்தது. 2007இல் வெளிவந்த முடிவுப்படி இந்தப் புற்றால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் 30 முதல் 59 வயதுவரை 1.3 லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வு 2009இல் வந்தது. ஒரே ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனை செய்ததிலேயே மரணம் ஏறக்குறைய பாதியானது. அப்படியும், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30-49 வயதுப் பெண்களில் எப்போதாவது பரிசோதித்துக்கொண்டவர்கள் தமிழ்நாட்டில் 10 சதவீதத்தைத் தொடவில்லை. இந்தியா முழுதும் பார்த்தால் 2 சதவீதத்தையும் எட்டவில்லை. பயந்து வராதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அக்காவின் கதை அவர் தெருவில் எத்தனை பேரை வீட்டோடு நிறுத்தியதோ!

(தடுப்பூசி பற்றிக் கேட்பீர்கள். 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் போடுங்கள். 30 தாண்டிய அம்மாவுக்குப் பரிசோதனைதான். உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்றபின் ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால் முகாமுக்குக் காத்திருக்காமல் கடலூர் அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போய்விடுங்கள்.)

இப்போது எங்கள் படிவத்தில் இரண்டு கேள்விகள் கூடியிருக்கின்றன: இது யாருடைய போன்? ரிசல்ட்டை யாரிடம் சொல்லலாம்? பாசிட்டிவ் என்றால் போனில் சொல்வதே இல்லை; சுகாதாரச் செவிலியர் நேரில் போகிறார்.

அந்த அக்கா மூன்று வாரம் கழித்து நாத்தனாரோடு வந்தார். சின்ன வெள்ளைத் திட்டு. அன்றே சிகிச்சை முடிந்தது. ஒரு வருடம் கழித்து மறுபடி வரச் சொன்னேன். கிளம்பும்போது நாத்தனாரின் போனை வாங்கி, நம்பரைப் போட்டு என்னிடம் நீட்டினார். "மொதல்ல சொன்னது நீங்கதானே? இதையும் நீங்களே சொல்லுங்க."

இருபது நிமிடம் பேசினேன். கணவர் 'ம்' கொட்டிக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில்தான் வாய் திறந்தார்.

"அப்ப எனக்கும் இருக்குமா?"

"இருந்திருக்கலாம்" என்றேன்.