எழுத உட்காரும் மூளை

புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் தேதி போட்டு, இனி தினமும் ஒரு பக்கம் எழுதுவேன் என்று தொடங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர். ஒன்பது நாள் எழுத்து இருக்கும். பத்தாம் நாள் ஊரில் ஒரு கல்யாணம் வரும். திரும்பி வந்ததும் விட்ட நாளுக்குச் சேர்த்து எழுத வேண்டுமே என்ற மலைப்பு. அப்புறம் நோட்டு முழுக்க வெள்ளைத்தாள். வருடம் கழித்து அது கையில் கிடைக்கும்போது, நமக்கு மன உறுதி போதாது என்று நினைத்துக்கொள்கிறோம். எழுதும் ஆசை உள்ள பலர் அந்த இடத்திலேயே ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம். ஏனென்றால் அவர்களிடம் குறைந்தது மன உறுதி அல்ல. பழக்கம் எப்படி உருவாகிறது என்பது பற்றி அவர்களுக்குக் கிடைத்த தகவல்தான் தப்பு.

பழக்கம் என்ற சொல்லுக்குள் தமிழில் இரண்டு பொருள் இருக்கிறது. 'சித்திரமும் கைப்பழக்கம்' என்னும்போது அது பயிற்சி. செய்யச் செய்யக் கை தேர்கிறது. 'அவருக்கு விடியற்காலையில் எழுந்துவிடும் பழக்கம்' என்னும்போது அது யோசிக்காமல் தானாக நடப்பது. தினமும் எழுத நினைப்பவர்கள் இரண்டாவது வகையை எதிர்பார்த்து உட்காருகிறார்கள். பல் தேய்ப்பதுபோல ஒரு நாள் எழுத்தும் தானாக வந்துவிடும் என்று. அப்படி வராது.

அமெரிக்க உளவியலாளர் ரொனால்ட் கெல்லாக் எழுத்தின் சுமையை அளக்க ஓர் எளிய வழியைக் கையாண்டார். ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது எதிர்பாராத நேரத்தில் ஒரு ஒலி கேட்கும். கேட்டவுடன் அதற்கு எதிர்வினை காட்ட வேண்டும். வேலையில் மூளை எவ்வளவு ஆழ்ந்திருக்கிறதோ, அவ்வளவு தாமதமாகும். வாசிக்கும்போது ஆகும் தாமதத்தைவிட எழுதும்போது ஆகும் தாமதம் அதிகம். சதுரங்கத்தில் தேர்ந்தவர்கள் அடுத்த நகர்வை யோசிக்கும்போது செலவிடும் உழைப்புக்கு இணையானது அது. என்ன சொல்ல வேண்டும், எந்தச் சொல்லில் சொல்ல வேண்டும், படிப்பவருக்கு அது எப்படிப் போய்ச் சேரும் என்ற மூன்றையும் ஒரே நேரத்தில் மனதில் ஏந்திக்கொண்டிருக்க வேண்டும். நம் மூளையின் செயல்நினைவு அவ்வளவு பெரிய பாத்திரம் அல்ல. ஆக, இருபது வருடம் எழுதியவருக்கும் இன்றைய பக்கம் கடினமாக இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த வேலையின் இயல்பே அது.

அப்படியானால் எதைத்தான் பழக்கமாக்க முடியும்? தொடக்கத்தை.

1990களின் இறுதியில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நரம்பியலாளர் ஆன் கிரேபியலின் ஆய்வுக்குழு எலிகளை ஆங்கில 'டி' வடிவப் பாதையில் ஓடவிட்டது. பாதையின் கோடியில் சாக்லேட். ஒரு ஒலி கேட்டால் இடப்பக்கம், வேறு ஒலி கேட்டால் வலப்பக்கம். மூளையின் ஆழத்தில் பேசல் கேங்லியா என்ற நரம்புத் தொகுதி இருக்கிறது. அங்கே நுண்ணிய மின்முனைகளைப் பொருத்தி நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். ஆரம்ப நாட்களில் ஓட்டம் முழுவதும் அந்தப் பகுதி பரபரப்பாக இருந்தது. பாதை பழகப் பழக நடுவில் துடிப்பு அடங்கியது. ஓட்டம் தொடங்கும்போது ஒரு எழுச்சி, முடியும்போது ஒரு எழுச்சி. ஒரு செயலுக்கு இரு பக்கமும் அடைப்புக்குறி போட்டு, 'இது ஒரு பொட்டலம்' என்று மூளை கட்டி வைப்பதுபோல.

எலி ஓடுவதும் நாம் கதை எழுதுவதும் ஒன்றல்ல. நடுப்பகுதி நமக்கு அடங்காது. ஆனால் தொடக்க அடைப்புக்குறியை நாமும் போட்டுக்கொள்ளலாம். உளவியலாளர்கள் அலிசன் ஃபிலிப்ஸும் பெஞ்சமின் கார்ட்னரும் 2016இல் உடற்பயிற்சியை வைத்து இதே வேறுபாட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். 'பயிற்சிக்குக் கிளம்புவது' தானாக நடக்கும் பழக்கமாக இருப்பது ஒன்று. 'பயிற்சியைச் செய்யும் விதம்' பழக்கமாக இருப்பது இன்னொன்று. ஒருவர் எத்தனை முறை பயிற்சி செய்கிறார் என்பதோடு தொடர்பு இருந்தது முதலாவதற்குத்தான். எழுத்துக்கும் இது பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, நேற்றைய பக்கத்தைத் திறப்பது வரைக்கும்தான் பழக்கத்தின் வேலை. அங்கிருந்து உழைப்பு.

இதற்கு எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்று எங்கு பார்த்தாலும் சொல்கிறார்கள். அந்த எண் அமெரிக்க ஒப்பனை அறுவை மருத்துவர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960இல் எழுதியதிலிருந்து பரவியது. மாறிய முகத்துக்கு மனம் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துபோனது. முகத்துக்குப் பழகுவதும் புதிய செயலைப் பழகுவதும் வேறு வேறு என்பதும் மறந்துபோனது.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலியின் குழு 96 பேரை 84 நாட்கள் பின்தொடர்ந்தது. மதிய உணவோடு ஒரு பழம், இரவு உணவுக்கு முன் சற்று ஓட்டம் என்று ஆளுக்கொரு புதிய செயலைத் தேர்ந்து, அது எவ்வளவு தானாக நடந்தது என்று தினமும் பதிய வேண்டும். கணக்கிட முடிந்தவர்களில் நடுமதிப்பு 66 நாள். ஆனால் எனக்கு அந்த 66ஐவிட அதன் இரு கோடிகள்தான் முக்கியம்: ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள். ஆய்வு நடந்ததே 84 நாள் என்பதால் 254 என்பது வளைகோட்டை நீட்டிக் கணித்தது. எளிய செயல்கள் சீக்கிரம் பழகின. உடற்பயிற்சி அதைப்போல ஒன்றரை மடங்கு காலம் எடுத்தது. எழுத உட்காருவது எளிய செயலா, கடினமான செயலா என்பது நாம் வைக்கும் அளவைப் பொறுத்தது. 'ஆயிரம் சொல்' என்று வைத்தால் மலை. 'மூன்று வரி' என்று வைத்தால் பழத்தை உரிப்பதுபோல.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் உருவாவதில் சொல்லும்படியான பாதிப்பு இல்லை. பத்தாம் நாள் கல்யாணத்துக்குப் போனவர் பதினோராம் நாள் அந்தப் பக்கத்தையே திறந்திருக்கலாம். விட்ட நாளை ஈடுகட்ட வேண்டியதே இல்லை. நோட்டை மூட வைத்தது அந்த ஒரு நாள் இடைவெளி அல்ல, இடைவெளி பற்றி நமக்கிருந்த பயம்.

சரி, தொடக்கத்தை எதோடு கட்டுவது? ஜெர்மனியில் பீட்டர் கோல்விட்சர், வெரோனிகா பிராண்ட்ஷ்டெட்டர் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு நேரடியாக எழுத்தைப் பற்றியதே. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையை எப்படிக் கழித்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும் என்று மாணவர்களைக் கேட்டுக்கொண்டார்கள். பாதிப் பேரிடம் கூடுதலாக ஒன்றே ஒன்று: எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று முன்கூட்டியே குறித்துத் தாருங்கள். அப்படிக் குறிக்காதவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் எழுதினார்கள். குறித்தவர்களில் எழுதியது ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர். பண்டிகை நாள், வீடு நிறைய ஆட்கள், ஆனாலும் எழுதினார்கள். 'தினமும் எழுதுவேன்' என்பது மூளைக்கு முகவரி இல்லாத கடிதம். 'காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்ததும், ஜன்னலோர மேசையில்' என்றால் போய்ச் சேரும். டம்ளரைக் கீழே வைப்பதே அழைப்பாகிவிடுகிறது. முடிவெடுக்கும் வேலை மிச்சமாகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப்புக்கும் காபிதான் அழைப்பு. அஞ்சல் துறையில் முழுநேர வேலை பார்த்தவர் அவர். விடியற்காலை 5.30க்கு மேசையில் இருக்க வேண்டும் என்பதற்காக, தன்னை எழுப்பிக் காபி கொடுக்கும் வயதான பணியாளருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். முதல் அரைமணி முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். அப்புறம் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 சொல். 47 நாவல்கள் எழுதினார்.

கால்மணிக்கு 250 சொல் என்றதும் பலருக்கும் முகம் சுளிக்கும். படைப்பு இப்படித் தறியில் நெய்வதுபோல வருமா, மனநிலை வர வேண்டாமா என்று. இந்தக் கேள்வியைத்தான் ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983இல் நேராகச் சோதித்தார். எழுத்து வேலை முடியாமல் தவித்த 27 கல்லூரி ஆசிரியர்கள், ஒன்பது ஒன்பது பேராக மூன்று குழு, பத்து வாரம். முதல் குழு அவசரம் தவிர எழுதவே கூடாது. தோன்றும் யோசனைகளைக் குறித்தால் போதும். இரண்டாம் குழு தோன்றும்போது எழுதலாம். மூன்றாம் குழு மனநிலை எப்படி இருந்தாலும் தினமும் எழுதியாக வேண்டும். தவறினால் அவர்களுக்கு அறவே பிடிக்காத ஓர் அமைப்புக்கு அவர்கள் பணம் போய்விடும்.

மூன்றாம் குழு நாளுக்கு 3.2 பக்கம் எழுதியது. மனநிலை பார்த்து எழுதியவர்கள் 0.9, எழுதாதிருந்தவர்கள் 0.2. இதில் வியப்பு இல்லை. வியப்பு யோசனைகளின் கணக்கில் இருந்தது. எழுதாமல் காத்திருந்தவர்களுக்கு ஐந்து நாளுக்கு ஒரு புதிய யோசனை. மனநிலைக்குக் காத்திருந்தவர்களுக்கு இரண்டு நாளுக்கு ஒன்று. கட்டாயமாக எழுதியவர்களுக்கு நாளுக்கு ஒன்று. சிறிய ஆய்வுதான், அதில் இருந்தவர்கள் நாவலாசிரியர்களும் அல்ல. ஆனாலும் நான் எழுத்து பற்றிப் படித்த ஆய்வுகளில் என்னை மிக அதிகமாக மாற்றியது இது. ஊற்று நிறையட்டும் என்று காத்திருந்தேன். இறைக்க இறைக்க ஊறும் மணற்கேணி அது என்று அப்புறம்தான் புரிந்தது.

ஏன் அப்படி? எழுதாதவரின் மனதில் இருப்பது 'ஒரு கதை எழுத வேண்டும்' என்ற பொதுவான ஆசை மட்டும். எழுதுகிறவரிடம் ஒரு குறிப்பான சிக்கல் இருக்கிறது: இந்தப் பெண் ஏன் பேருந்திலிருந்து முன்கூட்டியே இறங்கினாள்? மூளை விட்டுவிட்டு அசைபோட அப்படி ஒரு சிக்கல் தேவை. ஒரு புதிரோடு மல்லுக்கட்டிவிட்டுச் சற்று நேரம் ஒதுக்கி வைத்தால் விடை சுலபமாகிறதா என்று 117 ஆய்வுகளை 2009இல் தொகுத்துப் பார்த்தார்கள். ஆகிறது, மல்லுக்கட்டிய நேரம் நீளமாக இருந்தால் பலனும் கூடுகிறது. ஸ்டான்ஃபோர்டில் 2014இல் நடந்த இன்னொரு சோதனையில், உட்கார்ந்திருப்பதைவிட நடக்கும்போது புதிய யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடின. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் அப்படித்தான். மொட்டைமாடியில் நடந்தாலே போதும்.

அடுத்தது ஊக்கம். நரம்பியலாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களைப் பதிவு செய்தபோது, முதலில் பழச்சாறு வாயில் விழும் கணத்தில் அவை துடித்தன. பழகியபின் சாறு வரப்போவதைச் சொல்லும் விளக்கு எரிந்த கணத்திலேயே துடித்தன; எதிர்பார்த்த சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடத் தாழ்ந்தது. எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மூளை ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. பாராட்டைப் பரிசாக வைத்து எழுதுகிறவருக்கு இது ஆபத்து. இன்று எழுதியதற்குப் பாராட்டு எட்டு மாதம் கழித்து வரலாம், வராமலும் போகலாம். அதுவரை ஒவ்வொரு காலையும் ஏமாற்றம்தான்.

அமெரிக்க உளவியலாளர் தெரேசா அமாபிலி 1985இல் எழுத்தில் ஈடுபாடுள்ள 72 இளைஞர்களைச் சிறு கவிதைகள் எழுத வைத்தார். நடுவில் ஒரு பகுதியினரிடம், ஏன் எழுதுகிறோம் என்பதற்கு வெளிக் காரணங்களை மட்டும் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார்: பிறர் மெச்ச வேண்டும், நல்ல வேலை கிடைக்கும் என்பது மாதிரி. சில நிமிட வேலை அது. அதற்குப் பின் அவர்கள் எழுதிய கவிதைகளைக் கவிஞர்கள் மதிப்பிட்டபோது படைப்பாற்றல் குறைந்திருந்தது. எழுத உட்காரும் முன் நேற்றைய பதிவுக்கு எத்தனை லைக் வந்தது என்று பார்ப்பது அதே சில நிமிடம்தான். அதனால் போனை வேறு அறையில் வையுங்கள் என்று எழுதும் நண்பர்களிடம் நான் கெஞ்சியே கேட்கிறேன். அமாபிலி பின்னாளில் ஏழு நிறுவனங்களில் 238 பேரின் 12,000 அளவிலான நாட்குறிப்புகளைப் பகுத்தார். ஒரு நாளை நல்ல நாளாக்கியவற்றில் முதலிடம், அர்த்தமுள்ள வேலையில் சிறிதேனும் முன்னேறுவதற்கு. எழுத்தில் அந்த முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்பதால், பக்கத்தின் மூலையில் அன்றைய தேதியையும் எத்தனை வரி என்பதையும் குறித்து வைப்பது பரிசைப் பக்கத்தில் கொண்டுவருகிறது.

கடைசியாக, நிறுத்தும் இடம். 1928இல் பெர்லினில் மரியா ஓவ்சியான்கினா என்ற உளவியலாளர், ஒரு வேலையில் ஈடுபட்டிருப்பவர்களை நடுவில் தடுத்து, வேறு வேலை கொடுத்துப் பார்த்தார். யாரும் சொல்லாமலே பெரும்பாலோர் விட்ட வேலைக்குத் தாமாகத் திரும்பினார்கள். முடியாத வேலை நினைவில் நன்றாக நிற்கும் என்ற பிரபலமான கருத்து பிற்காலச் சோதனைகளில் ஆட்டம் கண்டது. திரும்பிப் போகும் இழுப்பு மட்டும் உறுதியாக நிற்கிறது. அதனால் நான் ஒரு காட்சியை முடித்துவிட்டு எழுவதில்லை. அடுத்து என்ன என்று தெரிந்திருக்கும்போதே, பாதி வாக்கியத்தில் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன். மறுநாள் காலை டம்ளரைக் கீழே வைத்ததும் கண் போய் விழுவது அந்தப் பாதி வாக்கியத்தில்தான்.