குவாரன்டைன்: அழித்தலும் இல்லை, தீர்ப்பும் இல்லை

ஒரு நிரலைத் தரவிறக்கி நிறுவத் தொடங்குகிறீர்கள். பாதியில் ‘கோப்பைக் காணவில்லை’ என்று நின்றுவிடுகிறது. தரவிறக்கக் கோப்புறையைத் திறந்து பார்த்தால், சற்றுமுன் அங்கே இருந்த நிறுவி இப்போது இல்லை. திரையின் மூலையில் வந்து மறைந்த ஆன்டிவைரஸ் அறிவிப்பில் ஒரு சொல் இருந்திருக்கும்: குவாரன்டைன். பெரும்பாலோர் அதை ‘வைரஸ் இருந்தது, அழித்துவிட்டது’ என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சொல் இந்த இரண்டையும் சொல்லவில்லை. அங்கே இருந்தது வைரஸ்தான் என்று உறுதியாகியிருக்க வேண்டியதில்லை. கோப்பும் அழிந்துவிடவில்லை.

சொல் வெனிஸிலிருந்து வந்தது. இத்தாலிய மொழியில் குவாரண்டா என்றால் நாற்பது. வெனிஸ் வழக்கில் குவாரண்டேனா என்பது நாற்பது நாள் கெடு. ஆனால் அந்த வழக்கத்துக்கு முன்னோடி ஏட்ரியாட்டிக் கடலின் எதிர்க்கரையில் இருந்த ரகூசா. இன்றைய குரோவேசியாவின் துப்ரோவ்னிக். கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர் நகருக்குள் நுழையுமுன் 30 நாள் வெளியே தங்கியாக வேண்டும் என்று 1377-இல் அந்நகரம் சட்டம் போட்டது. பிற்பாடு முப்பது நாற்பதானது.

வெனிஸ் செய்ததில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. 1423-இல் அது தன் காயலில் இருந்த ஒரு தீவில் கொள்ளைநோய் கண்டவர்களுக்கென நிலையான மருத்துவமனை அமைத்தது. 1468-இல் வேறொரு தீவை, நோய் இருக்கலாம் என்று ஐயப்பட்ட கப்பல்களுக்கும் சரக்குகளுக்குமாக ஒதுக்கியது. நோயாளிக்கு ஒரு தீவு, ஐயத்துக்கு ஒரு தீவு. குவாரன்டைன் என்ற சொல் இந்த இரண்டாம் தீவுக்கு உரியது. மருத்துவர்கள் இன்றும் இந்த வேறுபாட்டை விடவில்லை: நோய் உறுதியானவரைப் பிரித்து வைப்பது ஒன்று, நோய் தொற்றியிருக்கலாம் என்பவரைக் காத்திருக்க வைப்பது இன்னொன்று. கப்பல்களின் பன்னாட்டுச் சைகைக் கொடிகளில் மஞ்சள் நிறக் ‘கியூ’ கொடிக்கு இன்றைய பொருள், ‘என் கப்பலில் நோய் இல்லை, உள்ளே வர அனுமதி கேட்கிறேன்’ என்பது.

சரி, கடலிலிருந்து இது கணினிக்கு எப்படி வந்தது? 1983-இல் அமெரிக்காவில் பிரெட் கோஹன் என்ற ஆய்வு மாணவர், தன்னைத்தானே படியெடுத்துப் பரவும் நிரல் ஒன்றைச் செய்துகாட்டினார். அதற்கு வைரஸ் என்று பெயர் சொன்னவர் அவருடைய ஆசிரியர் லெனர்ட் ஏடல்மன். இலத்தீனில் வைரஸ் என்றால் நஞ்சு. தமிழில் இதை நச்சுநிரல் என்று ஆக்கியவர்கள் வேர்ப்பொருளையே தொட்டிருக்கிறார்கள்; எனக்கு மிகவும் பிடித்த ஆக்கம் அது. பெயர் நோயிலிருந்து வந்த பிறகு தொற்று, தடுப்பு, குவாரன்டைன் எல்லாம் பின்னாலேயே வந்துவிட்டன.

பாதுகாப்பு மென்பொருள் ஒரு கோப்பைக் குவாரன்டைன் செய்யும்போது, முதலில் அதை இருந்த இடத்திலிருந்து எடுக்கிறது. தவறிக்கூட இயங்காதபடி உள்ளடக்கத்தை உருமாற்றி, சாதாரணமாக யாரும் திறக்க முடியாத ஒரு கோப்புறையில் வைக்கிறது. எந்த இடத்திலிருந்து எடுத்தது, எப்போது, என்ன ஐயம் என்பதையும் குறித்து வைத்துக்கொள்கிறது. திருப்பித் தரும்போது பழைய இடத்திலேயே வைக்க வேண்டுமே, அதற்காகத்தான் இந்தக் குறிப்பு. விண்டோஸோடு வரும் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டரில் பாதுகாப்பு வரலாறு என்ற பக்கத்தைத் திறந்தால் இந்தப் பட்டியலைப் பார்க்கலாம்.

நல்ல நிரல்கள் மாட்டிக்கொள்வதற்குக் காரணம், நிறுவும் வேலையின் இயல்பு. நிறுவி என்பது சுருக்கி அடைத்த கோப்பு. தன்னைத் தானே பிரித்துக்கொண்டு கணினியின் முக்கியக் கோப்புறைகளில் எழுதும், கணினி தொடங்கும்போதே இயங்கும் சேவை ஒன்றைச் சேர்க்கும், இணையத்திலிருந்து மேலும் சில கோப்புகளை இறக்கும். நச்சுநிரலும் இதையேதான் செய்கிறது. சிறிய நிறுவனம் நேற்று வெளியிட்ட புதுப் பதிப்பு என்றால் இன்னும் சிக்கல். அதை இதுவரை மிகச் சிலரே இறக்கியிருப்பார்கள். ‘பலர் பயன்படுத்துகிறார்கள், தொந்தரவு இல்லை’ என்ற நற்பெயர் அதற்கு உருவாகியிருக்காது.

ஆக்டிவேஷனில், அதாவது உரிம எண் கொடுத்து நிரலைச் செயல்படுத்துவதில், வரும் சிக்கல் கண்ணுக்கே தெரியாது. உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதியை யாரும் உடைக்கக் கூடாது என்று உருவாக்கியவர்கள் அதைக் குழப்பிப் பூட்டி வைப்பார்கள். நச்சுநிரல் எழுதுபவர்களும் அதே வகைப் பூட்டைப் பயன்படுத்துவதால், ஆன்டிவைரஸ் அந்த ஒரு கோப்பை மட்டும் எடுத்துவிடும். நிறுவல் முடிந்தது என்று செய்தி வரும். நிரலும் திறக்கும். உரிம எண்ணைக் கொடுத்தால் மட்டும் ‘ஆக்டிவேட் செய்ய முடியவில்லை’ என்று வரும். சரியான எண்ணைத்தான் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்போம். இன்னொரு வகையும் உண்டு: சில ஆன்டிவைரஸ்கள் பாதுகாப்பான இணைய இணைப்பையும் திறந்து சோதிக்க, நடுவில் தங்கள் சான்றிதழை (இணைப்பின் மறுமுனையில் இருப்பது யார் என்று காட்டும் டிஜிட்டல் அடையாளம்) வைக்கும். உரிமச் சேவையகத்தின் சொந்தச் சான்றிதழை மட்டுமே நம்பும் நிரல், அதைப் பார்த்ததும் இணைப்பைத் துண்டித்துவிடும். திரையில் வருவதோ ‘இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்’. இணைப்பில் ஒரு குறையும் இருக்காது.

ஐயம் தவறிப்போவது பெரிய நிறுவனங்களுக்கும் நடந்திருக்கிறது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பி இயங்குவதற்கே தேவையான எஸ்விசிஹோஸ்ட் என்ற கோப்பை நச்சுநிரல் என்று பிடித்தது. கணினிகள் திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆகிக்கொண்டே இருந்தன. 2012 செப்டம்பரில் சோஃபோஸ் என்ற இன்னொரு ஆன்டிவைரஸ் பிற நிரல்களின் புதுப்பிப்புக் கோப்புகளைப் பிடித்ததோடு, தன் சொந்தப் புதுப்பிப்புக் கோப்பையும் பிடித்தது. இந்த மாதிரி நேரத்தில்தான் அழிப்பதற்கும் எடுத்து வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் முழுதாகப் புரியும். எடுத்து வைத்ததைத் திருப்பித் தரலாம்.

ஆகவே கோப்பு காணாமல் போனால் ஆன்டிவைரஸையே அணைப்பது சரியான வழி அல்ல. பட்டியலைத் திறந்து என்ன பெயரில் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். நிரலை உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்து வந்ததா, உருவாக்கியவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். அவை சரியாக இருந்தால் அந்த ஒரு கோப்பை மட்டும் விடுவிக்கலாம். தவறாகப் பிடித்துவிட்டது என்று ஆன்டிவைரஸ் நிறுவனத்துக்கு அந்தக் கோப்பை அனுப்பவும் வழி உண்டு. ‘ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவுங்கள்’ என்ற குறிப்போடு வரும் கிராக், கீஜென் வகைக் கோப்புகளை (உரிமப் பூட்டை உடைப்பவை, போலி உரிம எண் உருவாக்குபவை) இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கணினியின் ஒரே காவலை எடுத்துவிடச் சொல்லும் கோப்பை நம்ப எந்தக் காரணமும் இல்லை.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். கொரோனா காலத்தில் தனிமைப்படுத்தல் என்பது எல்லோர் வாயிலும் புழங்கியது. நல்ல சொல்தான், ஆனால் அது வெனிஸின் இரண்டு தீவுகளையும் ஒன்றாக்கிவிடுகிறது; நோயாளியையும் தனிமைப்படுத்துகிறோம், ஐயத்துக்குரியவரையும் தனிமைப்படுத்துகிறோம். ‘கோப்பு தனிமைப்படுத்தப்பட்டது’ என்று படிப்பவருக்கு அடுத்து என்ன செய்யலாம் என்றும் தெரியாது. தொற்றுத்தடைக்காப்பு பொருளில் குறையில்லாத ஆக்கம், ஆனால் திரையில் ஒரு பொத்தானில் அடங்காது. ஒதுக்கிவைத்தல் என்பதில் ஊரைவிட்டு ஒதுக்கிவைத்தலின் வாடை அடிக்கிறது. அதில் குற்றம் முடிவாகிவிட்டது.

என் தேர்வு தடுத்துவைப்பு. தடுத்துவைத்தார்கள் என்று சொன்னாலே விசாரணை இன்னும் முடியவில்லை, விடுவிக்கவும் வாய்ப்பு உண்டு என்பது தமிழ் தெரிந்தவருக்கு விளங்கும். வினையாகவும் எளிதில் வளைகிறது: தடுத்துவை, தடுத்துவைத்தவை, தடுத்துவைப்பிலிருந்து விடுவி. விடுவி, அழி என்ற இரண்டு பொத்தான்கள் அருகருகே இருந்தால் விளக்கமே தேவைப்படாது.

மேக் கணினியில் மட்டும் இது பொருந்தாது. 2007-இல் வந்த மேக் இயங்குதளத்தின் லெப்பர்டு பதிப்பிலிருந்து, இணையத்திலிருந்து இறக்கிய கோப்பின்மேல் குவாரன்டைன் என்ற பெயரில் ஒரு பண்புக்குறி ஒட்டப்படுகிறது. கோப்பு இடம் மாறுவதில்லை. முதல்முறை திறக்கும்போது, மேக்கின் பாதுகாப்புச் சோதனையான கேட்கீப்பர் அந்தக் குறியைக் கண்டு, உருவாக்கியவரின் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. விண்டோஸிலும் இத்தகைய குறி 2004-இலேயே, எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் என்ற பெரிய புதுப்பிப்புத் தொகுப்போடு வந்துவிட்டது. கோப்பின் பண்புகள் பெட்டியில் அடியில் தெரியும் ‘அன்பிளாக்’ (தடை நீக்கு) கட்டம் அதனால் வருவதுதான். இங்கே யாரும் எதையும் தடுத்து எடுத்து வைக்கவில்லை. வெளியிலிருந்து வந்தது, பார்த்துத் திற என்ற அடையாளம் மட்டுமே. இதற்குச் சோதனைக்குறி என்று தனிப்பெயர் வைத்துவிடலாம்.